கையும் கண்ணும்

தவழும் குழந்தையின் முன் ஒரு மரப்பாச்சியை வைத்தால், அஃது அதனைப் பார்ப்பதோடு நின்றுவிடுவதில்லை. கையை நீட்டுகின்றது, பற்றுகின்றது, புரட்டுகின்றது, வாயில் வைத்துச் சுவைக்கின்றது, தரையில் தட்டிப் பார்க்கின்றது, கை தவறி விழுந்தால் மீண்டும் வேண்டும் என்று அழுகின்றது. பெரியவர்கள் இதனைக் குறும்பு என்பர். அது குறும்பு அன்று; ஆராய்ச்சி. இப்பொருள் கனமானதா, இலேசானதா? வழவழப்பானதா, சொரசொரப்பானதா? இதன் மறுபுறம் எப்படி இருக்கும்? இவ்வினாக்களைக் கேட்பதற்கு அக்குழந்தைக்கு இன்னும் மொழி வரவில்லை. ஆயினும் கை கேட்கின்றது. பொருள் விடை தருகின்றது. பள்ளியில் சேர்வதற்கு நெடுநாள் முன்பே குழந்தையின் கல்வி இவ்வாறு தொடங்கிவிடுகின்றது.

தொல்காப்பியம் தன் மரபியலில் உயிர்களை அவற்றின் அறிவுக்கேற்ப ஆறு வகையாகப் பகுத்துக் கூறுகின்றது. அவ்வரிசையில் முதற்கண் நிற்பது உடம்பினால் உற்று அறியும் அறிவு. அதன்பின் நாவின் அறிவும், மூக்கின் அறிவும், கண்ணின் அறிவும், செவியின் அறிவும், இறுதியில் மனத்தின் அறிவும் முறையே வருகின்றன. புல்லும் மரமும் ஓரறிவு உயிர்கள். அவற்றுக்குரிய அந்த ஓர் அறிவும் உற்றறிவே. தொடுவதால் வரும் அறிவே ஏனைய அறிவுகளுக்கெல்லாம் அடிப்படை என்னும் கருத்தை இப்பகுப்பு நினைவூட்டுகின்றது.

தமிழ் மொழியும் இவ்வறிவை நுட்பமாகப் பேணி வந்திருக்கின்றது. வாழையிலை வழவழப்பானது, பூசணியிலை சொரசொரப்பானது, பலாவின் பால் பிசுபிசுப்பானது, நன்கு பிசைந்த களிமண் மொழுமொழுப்பானது, ஆற்று மணல் நறநறப்பானது, இலவம்பஞ்சு மெத்தென்று இருப்பது, மலைப்பாதை கரடுமுரடானது. இச்சொற்களை எவரும் அகராதியைப் பார்த்துக் கற்பதில்லை. விரல் முதலில் கற்கின்றது. சொல் அதன்பின் வந்து சேர்கின்றது. பூசணியிலையைத் தொட்டறியாத ஒருவனுக்குச் 'சொரசொரப்பு' என்னும் சொல்லை எவ்வளவு விளக்கினாலும், அஃது அவனுக்கு வெற்றொலியே ஆகும்.

குழந்தை வளர்ந்து பள்ளிக்கு வந்ததும் உலகம் தட்டையாகிவிடுகின்றது. மலையும் படம், இதயமும் படம், கனசதுரமும் படம். தாளுக்கு நீளமும் அகலமும் உண்டு, உயரம் இல்லை. கனசதுரம் ஒன்றைத் தாளில் வரைந்தால் அதன் மூன்று முகங்களே கண்ணுக்குத் தெரியும். விளிம்புகள் ஒன்பதும் முனைகள் ஏழும் தோன்றும். எஞ்சிய மூன்று முகங்களும், மூன்று விளிம்புகளும், ஒரு முனையும் படத்தின் பின்னே மறைந்து கிடக்கும். 'கனசதுரத்துக்கு முகங்கள் 6, விளிம்புகள் 12, முனைகள் 8' என்று மாணவன் மனப்பாடம் செய்கின்றான். அவன் கையில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு எண்ணச் செய்தால், மனப்பாடம் தேவைப்படுவதில்லை. பெருவிரல் ஒவ்வொரு விளிம்பாக ஊர்ந்து சென்று பன்னிரண்டையும் எண்ணிவிடும். அவ்வாறு எண்ணியவன் அதனை மறப்பதும் அரிது.

'கண் இருக்கும்போது கை எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். இவ்வினாவுக்கு விடை காண அறிஞர் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் வில்லியம் மாலினூக்ஸ் என்னும் அறிஞர் வாழ்ந்தார். அவருடைய மனைவியார் மணமான பின் கண்பார்வையை இழந்தவர். மாலினூக்ஸ் 1688-ஆம் ஆண்டில் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக்கிற்கு ஒரு வினாவை எழுதி அனுப்பினார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவன், ஓர் உருண்டையையும் ஒரு கனசதுரத்தையும் தொட்டுப் பார்த்து, இஃது இன்னது எனக் கூற அறிந்திருக்கின்றான். அவனுக்குத் திடீரென்று பார்வை கிடைக்கின்றது. அவ்விரு பொருள்களையும் அவன் முன் வைத்தால், தொடாமல், கண்ணால் மட்டும் பார்த்து, உருண்டை எது, கனசதுரம் எது என்று அவனால் கூற முடியுமா? இதுவே அவர் வினா. முடியாது என்பதே மாலினூக்ஸின் கருத்து. லாக்கும் அதற்கு உடன்பட்டுத் தம் நூலின் 1694-ஆம் ஆண்டுப் பதிப்பில் இவ்வினாவைச் சேர்த்துக்கொண்டார். அன்று தொட்டு அறிஞர் பலர் இதனை ஆராய்ந்தனர். ஆயினும் சோதித்துத் தெளிய வழி எளிதில் வாய்க்கவில்லை.

அவ்வழி இந்திய நாட்டில் பிறந்தது. வட இந்தியச் சிற்றூர்களில், பிறவியிலேயே கண்ணில் புரை படர்ந்து, மருத்துவம் பெறாமல் வளர்ந்த குழந்தைகள் பலர் இருந்தனர். அறுவை மருத்துவத்தால் அவர்களுக்குப் பார்வை அளிக்கும் பணியை அறிவியலறிஞர் பவன் சின்ஹா 'பிரகாஷ்' என்னும் பெயரால் தொடங்கினார். அப்பணியின்வழிப் பார்வை பெற்ற ஐவரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2011-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்கள் 8 முதல் 17 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர். பிள்ளைகள் அடுக்கி விளையாடும் கட்டைகளைப் போன்ற எளிய கன வடிவங்கள் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. தொட்ட வடிவத்தை மீண்டும் தொட்டு அடையாளம் காண்பதில் அவர்கள் பிழை செய்யவில்லை எனலாம். கண்ணால் கண்டதை மீண்டும் கண்ணால் அடையாளம் காண்பதிலும் அவர்கள் வல்லவராகவே இருந்தனர். ஆனால், கையால் தொட்ட வடிவத்தைக் கண்ணால் மட்டும் கண்டு அடையாளம் காட்டுமாறு கேட்டபோது தடுமாறினர். அவர்கள் கூறிய விடைகள் குருட்டாம்போக்கில் கூறியவற்றைவிடச் சிறிதே மேம்பட்டிருந்தன.

மாலினூக்ஸின் கருத்து மெய்யாயிற்று. கை அறிந்ததைக் கண் தானாக அறிவதில்லை. எனினும் அவ்வாய்வு மற்றோர் இனிய உண்மையையும் வெளிப்படுத்தியது. சில நாட்கள் கழித்து மீண்டும் சோதித்தபோது அச்சிறுவர்கள் பெரிதும் முன்னேறியிருந்தனர். அச்சில நாட்களில் எவரும் அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை. பொருள்களைப் பார்த்தனர், பார்த்தவற்றைத் தொட்டனர், தொட்டவற்றை மீண்டும் பார்த்தனர். கை ஆசிரியராக நின்றது. கண் மாணவனாக இருந்து கற்றது. பார்வையோடு பிறந்த குழந்தைகளும் மரப்பாச்சியைப் புரட்டும் பருவத்தில் இதே பாடத்தைத்தான் கற்கின்றனர். நெடுநாட்களுக்கு முன் நடந்ததாகையால் அதனை அவர்கள் மறந்துவிடுகின்றனர், அவ்வளவே.

கையின் ஆற்றல் எத்தகையது என்பதை ஒரு சிறு சோதனையால் அறியலாம். முனை மழுங்கிய இரண்டு ஈர்க்குகளை ஒன்றுக்கொன்று மூன்று மில்லிமீட்டர் தொலைவில் பிடித்து, கண்ணை மூடியிருக்கும் தோழனின் விரல் நுனியில் மெல்ல வைக்க வேண்டும். 'இரண்டு' என்று அவன் உடனே கூறிவிடுவான். அதே ஈர்க்குகளை அவன் முதுகில் வைத்தால் 'ஒன்று' என்பான். முதுகில் இரண்டென உணர்வதற்கு அவற்றின் இடைவெளி ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். விரல் நுனியில் உணர்வு நரம்புகளின் முனைகள் நெருங்கி அமைந்திருப்பதும், மூளையில் விரல்களுக்கென ஒதுக்கப்பட்ட பகுதி மிகப் பெரிதாக இருப்பதும் இதற்குக் காரணமாகும். பார்வையற்றோர் படிப்பதற்காகப் பிரான்சு நாட்டு லூயி பிரெயில் வகுத்த எழுத்துமுறையில், அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர். விரல் நுனி பிரித்தறியும் எல்லைக்கு இஃது ஒத்திருத்தல் கருதத்தக்கது.

விரல் அசைந்தால் அதன் கூர்மை இன்னும் மிகுகின்றது. துணியின்மேல் விரலை வெறுமனே வைத்திருந்தால் அது பட்டா, பருத்தியா என்பது எளிதில் விளங்காது. சற்றே தடவினால் உடனே விளங்கிவிடும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர் எனப்படும். வெறும் 13 நானோமீட்டர் உயரமுள்ள வரிகளைக்கூட அசையும் விரல், வழவழப்பான பரப்பிலிருந்து வேறுபடுத்தி உணர்கின்றது என்பதைச் சுவீடன் நாட்டு அறிவியலறிஞர் 2013-ஆம் ஆண்டில் சோதனையால் காட்டினர். கண்ணுக்குச் சிறிதும் புலப்படாத நுண்மை அது. இத்தகைய கருவியை ஒவ்வொரு குழந்தையும் பத்து விரல் நுனிகளில் ஏந்தி வகுப்பிற்கு வருகின்றது. வந்தபின் கையைக் கட்டிக்கொண்டு உட்காருமாறு கட்டளையிடுவது முறையாகுமா?

முறையன்று என்று உணர்ந்த கல்வியறிஞருள் முதன்மையானவர் ஜெர்மானிய நாட்டுப் பிரெடரிக் புரோபெல். 1782-ஆம் ஆண்டில் பிறந்த அவர், இளமையில் பெர்லின் நகரில் கனிமப் படிகங்களை ஒழுங்குபடுத்தி ஆராயும் பணியில் இருந்தார். படிகங்களின் முகங்களும் முனைகளும் ஓர் ஒழுங்கிற்குக் கட்டுப்பட்டு வளர்வதைக் கண்டு வியந்தார். பின்னர்ப் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் 1837-இல் சிறு குழந்தைகளுக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்னும் பொருள்படும் கிண்டர்கார்டன் என்ற பெயரைச் சூட்டினார். அங்குக் குழந்தைகளுக்கு முதலில் கொடுக்கப்பட்டவை நூல்கள் அல்ல. மெல்லிய கம்பளி நூலால் ஆன ஆறு வண்ணப் பந்துகள் முதற்பரிசு. மரத்தால் செய்த உருண்டை, கனசதுரம், உருளை ஆகியவை அடுத்த பரிசு. எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு பெரிய கனசதுரம் அதற்கடுத்தது. கனசதுரத்தைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுழற்றினால் அஃது உருளையைப்போலத் தோன்றும். மெத்தென்ற பந்துக்கும் திண்ணிய மரவுருண்டைக்கும் உள்ள ஒற்றுமையையும் வேற்றுமையையும் குழந்தை தன் கையாலேயே கண்டறியும். கலையும் அறிவியலும் அவ்விளையாட்டில் பிரிவின்றிக் கலந்திருந்தன. பிரஷ்ய அரசு 1851-இல் இப்பள்ளிகளைத் தடை செய்தது. அடுத்த ஆண்டே புரோபெல் மறைந்தார். தடை 1860-இல்தான் நீங்கியது. ஆயினும் அவருடைய உருண்டையும் கனசதுரமும் கடல் கடந்து பல நாட்டுக் குழந்தைகளின் கைகளை அடைந்தன.

அவ்வாறு அடைந்த கைகளுள் ஒன்று, அமெரிக்க நாட்டில் பக்மின்ஸ்டர் புல்லர் என்னும் சிறுவனுடையது. 1895-ஆம் ஆண்டில் பிறந்த அவனுக்குப் பார்வை மிகவும் மங்கலாக இருந்தது. நான்கு வயதில் அவன் சேர்ந்த குழந்தைப் பள்ளியில், பட்டாணிகளையும் சிறு குச்சிகளையும் கொடுத்து வீடு கட்டுமாறு ஆசிரியை கூறினார். தெளிவாகக் கண்ட பிள்ளைகள் தாம் கண்ட வீடுகளைப்போலவே நாற்கோணச் சட்டங்களை அமைத்தனர். வீடுகளின் வடிவைத் தெளிவாகக் கண்டறியாத புல்லரோ விரல்களையே நம்பினான். நாற்கோணத்தைத் தொட்டால் சாய்ந்தது. முக்கோணத்தைத் தொட்டால் அசையாமல் நின்றது. ஆகவே முக்கோணங்களாலேயே தன் வீட்டைக் கட்டி முடித்தான். இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் அவரே எடுத்துரைத்திருக்கின்றார். வளர்ந்தபின் அவர் முக்கோணங்களை இணைத்து மாபெரும் கோளக் கூடங்களை அமைக்கும் முறையைப் பரப்பினார். மாண்ட்ரியல் நகரில் 1967-இல் நடந்த உலகப் பொருட்காட்சிக்காக அவர் அமைத்த கோளக் கூடத்தின் விட்டம் 76 மீட்டர். பட்டாணியும் குச்சியும் எந்தச் சிற்றூர்ப் பள்ளியிலும் கிடைக்கக்கூடியவை. பட்டாணியை இரவில் ஊறவைத்துக் காலையில் ஈர்க்கால் இணைத்தால், பாலங்களிலும் மின்கம்பக் கோபுரங்களிலும் முக்கோணம் ஏன் அமைகின்றது என்பதை மாணவர் தம் விரலாலேயே உணரலாம்.

தொட்டறியும் கல்வி தமிழகத்திற்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியே எழுத்துக் கற்றனர். சென்னையில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான ஆதரவில்லத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிலும் கையாண்டார். தம் பட்டறிவை 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். மணலின் நறநறப்பு எழுத்தின் வளைவை விரலுக்கு நினைவூட்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார் ரோமாபுரியின் ஏழைமக்கள் குடியிருப்பில் 1907-இல் தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலும் இதனை ஒத்த முறை அமைந்தது. அங்கு உப்புத்தாளால் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவிக் கற்றனர். வழவழப்பும் சொரசொரப்பும் மாறிமாறி வரும் பலகைகளைக் கண்ணை மூடித் தடவினர். பைக்குள் கையை விட்டு உள்ளிருக்கும் வடிவத்தின் பெயரைக் கூறினர். அவ்வம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். மணலில் எழுதிய நாட்டிற்கு உப்புத்தாள் எழுத்து வந்து சேர்ந்தது பொருத்தமே ஆகும்.

கையே கண்ணாகவும் செவியாகவும் விளங்கிய ஒருவரை இங்கு மறத்தலாகாது. அவர் ஹெலன் கெல்லர். 1880-இல் அமெரிக்க நாட்டில் பிறந்த அவர், 19 திங்கள் நிறைந்த பருவத்தில் நோயால் பார்வையையும் கேட்கும் ஆற்றலையும் ஒருங்கே இழந்தார். 1887-இல் அவருக்கு ஆசிரியையாக வந்தவர் ஆன் சல்லிவன். குழாயிலிருந்து நீர் ஒரு கையில் விழ, மறு கையில் 'நீர்' என்னும் சொல்லை ஆசிரியை விரலால் எழுதிய நாளில், பொருளுக்குப் பெயர் உண்டு என்பதை அச்சிறுமி உணர்ந்தாள் என்னும் வரலாறு பலரும் அறிந்ததே. அதன்பின் நிகழ்ந்ததைப் பலர் அறியார். நிலநூல் கற்பிக்க வேண்டிய காலம் வந்தபோது, ஆசிரியை படத்தை நாடவில்லை, ஆற்றங்கரைக்குச் சென்றார். களிமண்ணால் மேடும் பள்ளமுமாக நிலப்படம் அமைத்துக் கொடுத்தார். மலைத்தொடர்களின் முகடுகளையும், பள்ளத்தாக்குகளையும், வளைந்து ஓடும் ஆறுகளையும் அச்சிறுமி விரலால் தொடர்ந்து சென்று அறிந்தாள். அவ்விளையாட்டில் தனக்குக் கல்வி புகட்டப்படுகின்றது என்ற எண்ணமே அவளுக்குத் தோன்றவில்லை. பிற்காலத்தில் அவர் சிலைகளைத் தொட்டுப் பார்த்து மகிழ்ந்தார். சிற்பத்தின் அழகைக் கண்ணைவிடக் கையே நுட்பமாக உணருமோ என்றும் எண்ணினார்.

சல்லிவன் அம்மையார் காட்டிய வழி பார்வையற்ற ஒருத்திக்கு மட்டும் உரியதன்று. நிலப்படத்தில் வளைந்து வளைந்து செல்லும் சம உயரக் கோடுகளைக் கண்டு மயங்காத மாணவர் சிலரே. அவர்களுடைய மயக்கத்தைக் களிமண் தீர்க்கும். ஓர் அகன்ற தொட்டியில் களிமண்ணால் ஒரு மலையை அமைக்க வேண்டும். அதன் ஒரு பக்கம் செங்குத்தாகவும், மறுபக்கம் சரிவாகவும் இருத்தல் நன்று. மண் இறுகியதும், ஆனால் ஈரம் முற்றும் காய்வதற்கு முன், தொட்டியில் ஒரு விரற்கடை உயரத்திற்கு நீர் ஊற்றி, நீர் மலையைத் தொடும் இடத்தைக் குச்சியால் சுற்றிலும் கீற வேண்டும். மேலும் ஒரு விரற்கடை நீர் ஊற்றி மீண்டும் கீற வேண்டும். உச்சி வரையில் இவ்வாறு செய்தபின், நீரை வடித்துவிட்டு, மேலிருந்து நோக்கினால், மலை சம உயரக் கோடுகளாகத் தோன்றும். செங்குத்தான பக்கத்தில் கோடுகள் நெருங்கி நிற்கும். சரிவான பக்கத்தில் விலகி நிற்கும். கோடுகள் நெருங்கியிருந்தால் ஏற்றம் கடினம் என்பதை அதன்பின் எவரும் எடுத்துக் கூற வேண்டுவதில்லை. மலையைத் தடவிய விரல் அதனை முன்பே அறிந்திருக்கும். மலை செய்தது கலை. கோடு கண்டது அறிவியல். இரண்டும் ஒரே கைப்பிடி மண்ணில் நிகழ்ந்தன.

பொருளின் மேற்பரப்பும் அவ்வாறே இருவகைக் கல்வியும் தருவது. பூவரசிலையைத் தாளின் கீழ் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால், வலைபோல் பின்னிய நரம்புகள் தாளில் எழும்பி வரும். மூங்கிலிலையை வைத்துத் தேய்த்தால் நரம்புகள் இணைகோடுகளாக ஓடும். அழகிய படம் ஒன்று கிடைத்ததோடு, இருவித்திலைத் தாவரத்திற்கும் ஒருவித்திலைத் தாவரத்திற்கும் உள்ள வேற்றுமையும் விளங்கும். விரலுக்கும் எட்டாத நுண்மை சில பரப்புகளில் உண்டு. தாமரையிலையில் நீர் ஒட்டாது என்பது யாவரும் அறிந்தது. காரணம் நெடுநாள் புலப்படவில்லை. ஜெர்மானியத் தாவர நூலறிஞர் வில்ஹெல்ம் பார்த்லாட் நுண்பெருக்கியால் ஆராய்ந்து, அவ்விலையின் பரப்பெங்கும் மெழுகு படர்ந்த நுண்ணிய மேடுகள் நிறைந்திருப்பதை விளக்கினார். நீர்த்துளி அம்மேடுகளின் உச்சியில் மட்டும் நின்று, இலையின்மேல் பரவ இடமின்றி, உருண்டு ஓடிவிடுகின்றது. ஓடும்போது தூசியையும் உடன் கொண்டு செல்கின்றது. வழவழப்பே தூய்மை தரும் என்று எண்ணியிருந்தவர்க்கு, சொரசொரப்பும் தூய்மை தரும் என்பதைத் தாமரையிலை கற்பித்தது.

கலையின் உயர்நிலையிலும் கையறிவே வழிகாட்டுகின்றது. முழு வடிவாகச் சுற்றிலும் செதுக்கிய உருவத்தைச் சிற்ப நூலார் 'சித்திரம்' என்றனர். சுவரோடு ஒட்டிப் பாதி வெளிப்படும் புடைப்புச் சிற்பத்தை 'அர்த்த சித்திரம்' என்றனர். வண்ணத்தால் தீட்டிய ஓவியத்தைச் 'சித்திராபாசம்', அதாவது சித்திரத்தின் தோற்றம், என்றனர். தாளில் உள்ளது தோற்றம். கையால் சுற்றிவரக்கூடியதே முழு வடிவம் என்னும் தெளிவு அப்பெயர்களில் விளங்குகின்றது. சுவாமிமலையில் செப்புத்திருமேனி வார்க்கும் ஸ்தபதியர், தேன்மெழுகோடு குங்கிலியம் கலந்து முதலில் உருவத்தை அமைக்கின்றனர். அதன்மேல் முதலாவதாகப் பூசுவது காவிரியின் நுண்ணிய வண்டல் மண். கரடான மண் அதன்பின்பே வரும். முறை மாறினால் விரல் நகத்தின் வரையும், அணிகலனின் மணியும் பதியாமல் போகும். நுண்ணிய துகளே நுண்ணிய பள்ளத்துள் நுழையும் என்பது அறிவியல். மண்ணை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்து, இது போதும், இது போதாது என்று அறிவது கலை. அவ்வறிவு தந்தையின் கையிலிருந்து மகனின் கைக்கு வழிவழியாக வந்தது.

இவ்வளவும் கூறியதனால், எதனையும் எங்கும் தொடலாம் என்று கொள்ளுதல் கூடாது. காஞ்சொறியைத் தொட்டால் அரிக்கும். கொதிகலத்தைத் தொட்டால் சுடும். அருங்காட்சியகத்தில் உள்ள பழைய சிலைகளையும் ஓவியங்களையும் பலர் தொட்டால், கையின் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் பட்டு அவை நாளடைவில் கெடும். 'தொடாதீர்' என்னும் அறிவிப்பு அங்கு முறையானதே. ஆனால் அவ்வறிவிப்பு வீட்டிற்கும் வகுப்பிற்கும் வந்துவிடலாகாது. சிலையைத் தொட இயலாவிடின் அதன் படியை மண்ணால் செய்து தொடலாம். தொடத்தகாதவற்றைக் காட்டி எச்சரிக்கும் பெரியவர்கள், தொடத்தக்கவற்றையும் குழந்தையின் கையில் கொடுத்தல் வேண்டும். எச்சரிக்கையை மட்டும் பெற்று வளரும் கை, பிற்காலத்தில் எதனையும் செய்யத் துணியாது.

இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. துணிப்பை ஒன்று போதும். அதனுள் புளியங்கொட்டை, கொட்டாங்கச்சித் துண்டு, கூழாங்கல், பனங்கொட்டை, சோளக்கதிர்த் தக்கை, உடைந்த ஓடு, சிப்பி ஆகியவற்றைப் போட்டு, ஒவ்வொருவரும் பாராமல் கையை விட்டு ஒன்றைத் தடவி, அதன் பெயரைக் கூறாமல், தன்மையை மட்டும் சொல்ல வேண்டும். ஏனையோர் அச்சொற்களைக் கேட்டு, அதனைக் களிமண்ணால் செய்து காட்ட வேண்டும். பின்னர்ப் பொருளை வெளியே எடுத்து ஒப்பிட வேண்டும். கூறிய சொல் சரியாக இல்லையெனின் செய்த வடிவமும் சரியாக இராது. மொழியும், கலையும், அறிவியலும் ஒன்றையொன்று திருத்தும். பார்வையற்ற தோழன் ஒருவன் அவ்வகுப்பில் இருப்பானாயின், அன்று அவன் பிறருடைய உதவியை எதிர்நோக்கி நிற்க வேண்டியதில்லை. பிறர்க்கு வழி காட்டவும் கூடும். கையின் முன் அனைவரும் நிகரே.

உருண்டையையும் கனசதுரத்தையும் வைத்து மாலினூக்ஸ் கேட்ட வினாவுக்கு வட இந்தியச் சிறுவர்கள் விடை தந்தனர். பார்வை கிடைத்த பின்னரும், கை கற்றதைக் கண் கற்பதற்குச் சில நாட்கள் பிடித்தன. அச்சில நாட்களில் அவர்கள் கண்டதைத் தொடவும் தொட்டதைக் காணவும் தடையில்லாதிருந்தது. அந்த உரிமையே ஒவ்வொரு குழந்தைக்கும் வேண்டுவது. ஆகவே, குழந்தை மண்ணில் கையை விட்டுப் பிசையும்போது ஆடை அழுக்காகுமே என்று கவலற்க. ஆடையைத் துவைத்துக்கொள்ளலாம். அவ்வேளையில் அக்கை கற்கும் பாடத்தைப் பின்னர் எந்த நூலாலும் முழுதும் ஈடுசெய்தல் இயலாது.